பார்ப்போரின் பார்வையை அளப்பது எப்படி?



மார்பகப் புற்றுநோயை அது சிறிதாக இருக்கும்போதே காட்டித் தரும் ஊடுகதிர்ப் படத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். வைத்தியசாலைகளில் அதனை மமோகிராம் என்பர். அப்படத்தை எடுக்கும் கருவியைப் பற்றியும், அதனால் வரும் பயனைப் பற்றியும் பலர் பேசியுள்ளனர். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விடயம் கருவியன்று. படத்தைப் பார்த்து, இதில் நோய் உண்டு அல்லது இல்லை என்று தீர்ப்புக் கூறுகின்ற மனிதக் கண்ணே. அக்கண் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது? தீர்ப்புக் கூறுவோருக்குத் தீர்ப்புக் கூறுவது எவ்வாறு?

இக்கேள்விக்கு நெடுங்காலமாக விடை தேடி வந்த நாடுகளுள் இங்கிலாந்து முன்னணியில் நிற்பது. பேராசிரியர் பற்றிக் பொறஸ்ற் தலைமையிலான குழு 1986இல் அளித்த அறிக்கையை அடுத்து, 1988இல் அங்கே தேசிய மார்பகப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. 50 வயது தொடங்கி 71 வயது நிரம்பும் வரையுள்ள பெண்களுக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை அழைப்புக் கடிதம் செல்லும். இலண்டனில் வாழும் நம்மவர் வீடுகளுக்கும் அக்கடிதம் வருவதுண்டு. பெண்ணொருத்திக்கு ஒவ்வொரு மார்பகத்துக்கும் இரண்டாக நான்கு படங்கள் எடுக்கப்படும். இவற்றை ஒருவர் பின் ஒருவராக இரண்டு பேர் பார்ப்பர். இருவரும் ஒரே கருத்தினராயின் அதுவே முடிவு. கருத்து வேறுபடின் மூன்றாமவரோ ஒரு குழுவோ நடுவராக இருந்து முடிவு செய்வர்.

பார்க்கும் வேலை இலகுவானதன்று. ஊடுகதிர்ப் படத்தில் கொழுப்பு இருண்டு தோன்றும். பால் சுரக்கும் இழையம் வெண்மையாகத் தோன்றும். புற்றுநோயும் வெண்மையாகவே தோன்றும். இழையம் செறிந்த மார்பகத்தில் வெண்மையினுள்ளே வெண்மையைத் தேட வேண்டியிருக்கிறது. சில வேளைகளில் நோயின் அடையாளம் உப்புத் தூவியது போன்ற மிகச்சிறு கல்சியப் பொட்டுக்கள். சில வேளைகளில் ஒரு கட்டி. சில வேளைகளில் கட்டியுமின்றிப் பொட்டுமின்றி, இழைகள் ஒரு புள்ளியை நோக்கிச் சற்றே இழுபட்டிருத்தல் மட்டும். இருட்டறையிலே பெரிய திரைகளின் முன் அமர்ந்து, ஒரு பெண்ணின் படங்களை ஒரு நிமிடத்துக்கு உள்ளாகவோ சற்று மேலாகவோ பார்த்து முடித்து, அடுத்தவளின் படங்களுக்குச் செல்கிறார் பார்வையாளர்.

இவ்வேலையில் நேரக்கூடிய பிழைகள் இரண்டு. நோயிருந்தும் காணாது விடுதல் ஒன்று. நோயில்லாதவளை ஐயத்தின் பேரில் மீண்டும் அழைத்தல் மற்றொன்று. முதற்பிழையின் விலை உயிராக இருக்கலாம். இரண்டாவதன் விலையையும் குறைத்து மதிப்பிடுதல் தகாது. மீண்டும் வருக என்ற கடிதத்தைக் கையில் வாங்கிய பெண், மறு படமும், ஊசியால் எடுத்த இழையத் துணுக்கின் பரிசோதனையும் முடிந்து நல்ல செய்தி வரும் வரையில் எத்தனை இரவுகள் உறங்கியிருப்பாள்? இங்கிலாந்தில் நூறு பெண்களுள் ஏறக்குறைய நால்வர் இவ்வாறு அழைக்கப்படுகின்றனர். அந்நால்வருள் ஒருத்திக்கே நோய் இருக்கும். அமெரிக்காவில் அழைக்கப்படுவோர் நூற்றுக்குப் பத்துப் பேரளவில் உள்ளனர்.

ஒரு பார்வையாளரின் திறமை யாது என்று கேட்டால், நூறு நோயாளிகளில் எத்தனை பேரைக் கண்டுபிடித்தார் என்று மட்டும் எண்ணுதல் போதாதோ என நினைக்கத் தோன்றும். போதாது. வருகிற பெண்கள் எல்லோரையும் மீள அழைப்பவர் நூற்றுக்கு நூறு நோயாளிகளையும் கண்டுபிடித்தவராவார்! அவரைத் திறமைசாலி என்று யாரும் சொல்லார். ஆகையினால் இரண்டு எண்களையும் அருகருகே வைத்தே பார்க்க வேண்டும்; ஒன்றைக் கூறி மற்றதை மறைப்பவர் எதையும் கூறியவராகார்.

மருத்துவ உலகம் இவ்வுண்மையை மார்பகப் படத்திலிருந்து கற்கவில்லை. காச நோயிலிருந்து கற்றது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த காலத்தில் அமெரிக்காவில் பெருந்தொகையானோருக்கு நெஞ்சுப் படம் எடுக்க வேண்டியிருந்தது. சிறிய படச்சுருள் போதுமா, பெரிய படம் வேண்டுமா என்பது அன்றைய வழக்கு. அதைத் தீர்ப்பதற்காக 1,256 பேரை நான்கு வகையாகப் படமெடுத்து, தேர்ந்த ஐவரிடம் தனித்தனியே பார்க்கக் கொடுத்தனர். யெருஷல்மி என்னும் புள்ளிவிபர அறிஞரும் அவர்தம் கூட்டாளிகளும் 1947இல் வெளியிட்ட முடிவு கேட்டவர்களைத் திடுக்கிட வைத்தது. நான்கு வகைப் படங்களுக்கிடையே இருந்த வேற்றுமையிலும், பார்த்தவர்களுக்கிடையே இருந்த வேற்றுமையே பெரிது! நோயுள்ளதெனக் கொள்ளப்பட்ட படங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் ஒருவர் கருத்து மற்றவர் கருத்தோடு மாறுபட்டது. அதிலும் வியப்பு, அதே படத்தை அதே மனிதரிடம் சில காலம் கழித்து மறுபடி கொடுத்தபோது, ஐந்தில் ஒரு பங்களவில் அவர் தம்மோடு தாமே மாறுபட்டதாகும். கருவியைச் சோதிக்கப் போனவர்கள் மனிதனைச் சோதித்துவிட்டுத் திரும்பினர்.

மார்பகப் படத்துக்கும் இதுவே நியாயம் என்பது 1994இல் வெளிவந்த ஓர் ஆய்வினால் நன்கு புலனாயிற்று. அமெரிக்க வைத்தியர் ஜோஆன் எல்மோரும் துணைவரும் 150 பெண்களின் படங்களைப் பத்து ஊடுகதிர் நிபுணர்களிடம் கொடுத்தனர். நோயுள்ள பெண்களுள் உடனடி மேற்பரிசோதனை வேண்டும் என்று ஒருவர் சொன்னது 74 வீதத்தினருக்கு; இன்னொருவர் சொன்னது 96 வீதத்தினருக்கு. நோயற்ற பெண்கள் விடயத்திலோ இடைவெளி இதனினும் பெரிது: ஒருவர் 11 வீதத்தினரை அழைத்தார், மற்றொருவர் 65 வீதத்தினரை அழைத்தார். இந்த இறுதி எண்ணைச் சற்று நினைத்துப் பாருங்கள். நோயற்ற மூன்று பெண்களில் இருவரை அச்சுறுத்தி அனுப்பும் ஒருவரும், ஒன்பதுக்கு ஒருவரையே அழைக்கும் ஒருவரும் ஒரே பட்டத்தோடு, ஒரே தொழிலைச் செய்கின்றனர். பெண்ணொருத்தியின் படம் இவ்விருவரில் யார் மேசைக்குப் போகும் என்பது அவள் கையில் இல்லை.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இருவர் வேறுபடுவது இரண்டு காரணங்களால் நிகழலாம். ஒருவர் கண் கூர்மையானது, மற்றவர் கண் மங்கலானது என்பது ஒரு காரணம். இருவர் கண்ணும் ஒரே கூர்மையினவாயினும், ஒருவர் சிறு ஐயத்துக்கும் அழைப்பவர், மற்றவர் பெரும் ஐயத்துக்கே அழைப்பவர் என்பது மற்றக் காரணம். முன்னது திறமை, பின்னது சுபாவம். இவ்விரண்டையும் பிரித்தறியும் வழி வைத்தியத்துக்கு வெளியிலிருந்து வந்தது. யுத்த காலத்தில் றேடார்த் திரையின் முன் இருந்தவர்கள், திரையில் மின்னியது எதிரி விமானமா அல்லது வெறும் இரைச்சலா என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. அதை ஆராய்ந்தவர்கள் வகுத்த வளைகோட்டு முறையின் போக்கிலே, லீ லஸ்ரெட் என்ற அமெரிக்க வைத்தியர் 1960இல் முன்கூறிய நெஞ்சுப் படப் பார்வையாளர்களின் பிழைகளை ஒரு வரைபடத்தில் குறித்தார். தவறவிட்டவை குறையக் குறைய, வீணாக அழைத்தவை கூடிக்கொண்டு போயின. அவர்களுடைய வேறுபாட்டிற் பெரும்பகுதி ஒரே வளைகோட்டின் மேல் வெவ்வேறு இடங்களில் நின்றதால் வந்தது.

அவ்வளைகோட்டிலிருந்து பெறப்படும் திறமை எண்ணை இவ்வாறு விளங்கிக்கொள்ளலாம். நோயுள்ள ஒரு படத்தையும் நோயற்ற ஒரு படத்தையும் குருட்டடியாக எடுத்து ஒருவர் முன் வைக்கிறோம். எதில் ஐயம் கூடுதல் என்று கேட்கிறோம். நூறு முறை கேட்டால் எத்தனை முறை நோயுள்ள படத்தையே அவர் காட்டுகிறார்? ஐம்பது முறை என்றால் அவர் நாணயத்தைச் சுண்டிப் பார்த்ததற்குச் சமம். நூறு முறை என்றால் தெய்வப் பார்வை. மனிதர் இரண்டுக்கும் நடுவே நிற்கின்றனர். இவ்வெண்ணை அவருடைய சுபாவம் மாற்றுவதில்லை.

முறை கிடைத்துவிட்டது, இனி அன்றாட வேலையிலிருந்தே ஒவ்வொருவரையும் அளந்துவிடலாமே என்பீர்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம்மவர் பழமொழி. இந்தப் பானைக்கு அது பொருந்தாது. இங்கிலாந்தில் பார்வையாளர் ஒருவர் ஆண்டுக்கு 5,000 பெண்களின் படங்களையேனும் பார்க்க வேண்டும் என்பது விதி. அமெரிக்காவில் இரண்டு ஆண்டுக்கு 960 போதும். இங்கிலாந்துக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஆயிரம் பெண்களுள் ஏறக்குறைய எட்டுப் பேருக்கு நோய் கண்டுபிடிக்கப்படுகிறது. ஆகவே 5,000 படம் பார்ப்பவர் முன் ஆண்டு முழுவதும் வருகின்ற நோய்கள் நாற்பது சொச்சமே. அந்நாற்பதில் ஒருவர் நான்கைத் தவறவிட்டார், இன்னொருவர் ஏழைத் தவறவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பின்னவர் முன்னவரிலும் திறமை குறைந்தவரா? சொல்வதற்கில்லை. இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் அந்த மூன்றின் வேற்றுமை வெறும் தற்செயலாகவே வந்திருக்கலாம். அமெரிக்கக் கணக்கில் ஆண்டுக்கு 480 படம் மட்டும் பார்ப்பவர் முன்னே நான்கு நோயளவில் வந்தாலே அதிகம். அவரைப் பற்றி அவருடைய தொழிற்பதிவு எதனையும் சொல்லாது.

அத்தோடு, தவறவிட்டதைத் தவறவிட்டவர் அறிவது எங்ஙனம்? கூடப் பார்த்தவர் கண்டிருந்தால் அன்றே தெரியும். இருவரும் காணாவிடில், ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்து அப்பெண் தானே கட்டியைத் தடவி உணர்ந்து வைத்தியரிடம் வரும்போதுதான் தெரியும். ஆகவே பிழையின் செய்தி நெடுநாட் பிந்தியே வந்து சேர்கிறது.

இத்தடையைத் தாண்டுவதற்காகவே இங்கிலாந்தில், திட்டம் தொடங்கிய காலத்தை ஒட்டி, பெர்போம்ஸ் என்ற தன்மதிப்பீட்டு முறை உருவாயிற்று. பேராசிரியர் அலஸ்டெயர் கேல் அதனை வளர்த்தவர். இப்பொழுது அது நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் நடைபெறுகிறது. பொன்னை உரைத்துப் பார்ப்பவனைச் சோதிக்க வேண்டுமாயின், மாற்று இன்னதென்று முன்பே அறிந்த பொன்னை அவனிடம் கொடுக்க வேண்டும். அவ்வாறே, முடிவு ஐயமறத் தெரிந்த பழைய படங்களைத் தேர்ந்து, 60 பெண்களின் படங்களை ஒரு தொகுதியாக்கி, நாட்டிலுள்ள பார்வையாளர் எல்லோருக்கும் அதே தொகுதியைக் கொடுக்கின்றனர். ஆண்டுக்கு இரண்டு தொகுதிகள் என்பது நெடுநாள் வழக்கு. நோயுள்ள பெண்ணின் படம் இழைய பரிசோதனையால் உறுதி செய்யப்பட்டது. நோயற்றவளின் படம் பின்வந்த ஆண்டுகளிலும் நோயற்றதாகவே நின்றது. அவுஸ்திரேலியாவிலும் இத்தகைய முறை ஒன்று உண்டு; அங்கே பொதுவாக 60 பேரில் 20 பேர் நோயுள்ளவர்.

இச்சோதனையில் எனக்கு மிகவும் உவப்பான அம்சம் அதன் மதிப்பெண் அன்று. பார்த்து முடித்தவுடனே, எந்தப் படத்தில் எந்த இடத்தில் தாம் கண்டதும் காணாததும் யாவை என்பதைப் பார்வையாளர் தாமே தனியாக அறிந்துகொள்கிறார். நாட்டிலுள்ள ஏனையோர் நடுவே தாம் எங்கே நிற்கிறார் என்பதையும் பெயர் வெளிப்படாத வகையில் காண்கிறார். ஒருவர் கல்சியப் பொட்டுக்களை நன்கு காண்பவராகவும், இழைகள் இழுபட்ட அடையாளத்தைத் திரும்பத் திரும்ப விடுபவராகவும் இருக்கலாம். மூன்றாண்டு பிந்தி வர வேண்டிய செய்தி அன்றைக்கே அவருக்குக் கிட்டுகிறது. மற்றவர்களிலிருந்து வெகுதூரம் பின்தங்கியவருக்கு மட்டும் உதவியும் பயிற்சியும் அளிக்கப்படுகின்றன. இதனைத் தண்டனைச் சோதனையாக ஆக்கியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? அஞ்சியவர் ஒவ்வொரு நிழலுக்கும் பெண்களை அழைத்திருப்பார். தவறவிட்டார் என்ற பழிக்கே வழக்கும் தண்டமும் உண்டு. வீணாக அழைத்தார் என்பதற்கு ஒருவரும் நீதிமன்றம் ஏறுவதில்லை. அமெரிக்காவில் மீள அழைப்போர் தொகை பெருத்திருப்பதற்கு இவ்வச்சமே ஒரு காரணம் என்று கூறுவோரும் உளர்.

ஆயினும் உரைகல் உரைகல்லே, கடைத்தெரு அன்று. 60 பேரில் 20 பேர் நோயாளர் என்ற உலகம் ஒன்று. ஆயிரத்தில் எட்டுப் பேர் என்ற உலகம் வேறு. 2013இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு இதனைக் கூர்மையாகக் காட்டியது. நோயுள்ள 50 படங்களையும் நோயற்ற 50 படங்களையும், ஒன்பது மாத காலத்தில், ஒரு வைத்தியசாலையின் அன்றாடப் படங்களுடன் சிறுகச் சிறுகக் கலந்து விட்டனர். அவ்வகையில் நோயுள்ளவற்றில் 30 வீதம் காணாது விடப்பட்டன. பின்னர் அதே நூறு படங்களையும் ஒன்றாக வைத்து ஆறு பேரைப் பார்க்கச் செய்தபோது, விடப்பட்டவை 12 வீதம் மட்டுமே. படம் மாறவில்லை, எதிர்பார்ப்பு மாறியது. அரிதாக வருவதைக் கண் அரிதாகவே காண்கிறது. இதிலிருந்து, சோதனை எப்பொழுதும் மனிதனை உள்ளதிலும் உயர்த்திக் காட்டும் என்று முடிவு செய்துவிடவும் கூடாது. 2008இல் டேவிட் குர் முதலியோர் ஒன்பது நிபுணர்களைக் கொண்டு நடத்திய ஆய்வில், அவர்கள் சோதனைக் கூடத்திலும் பார்க்கத் தம் அன்றாட வேலையிலேயே சிறப்பாகச் செயற்பட்டமை தெரிந்தது. தம் தீர்ப்பால் ஒருவருக்கும் நன்மையோ தீமையோ விளையாது என்று அறிந்தவர் அழைக்கத் தயங்குவதில்லை போலும். சோதனை எண்ணை ஒருவருடைய ஜாதகமாகக் கொள்ளலாகாது என்பதற்கு இவ்விரண்டு ஆய்வுகளும் போதிய சான்று.

களைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. படங்களைத் தொடர்ந்து பார்ப்பவர் நேரம் செல்லச் செல்லச் சோர்ந்து பிழை விடுவார் என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட கருத்து. அப்படியானால் முதலாமவர் கட்டின் தொடக்கத்திலிருந்தும், இரண்டாமவர் கடைசியிலிருந்தும் பார்த்தால், ஒருவர் சோர்ந்த இடத்தில் மற்றவர் விழிப்பாக இருப்பாரன்றோ? அழகான யோசனை. இங்கிலாந்தில் 46 நிலையங்களில், ஏறக்குறைய 12 இலட்சம் பெண்களின் படங்களை வைத்து இதனைச் சோதித்தனர். 2016இல் முடிவு வெளியாயிற்று. நோய் கண்டுபிடிக்கும் அளவில் ஒரு மாற்றமும் இல்லை. அழகான யோசனைகளையும் அளந்து பார்த்த பின்பே நம்ப வேண்டும் என்பதற்காக இதனைச் சொன்னேன்.

அழைப்புக்கும் அழைப்புக்கும் இடையிலே தோன்றுகிற நோயை இடைக்காலப் புற்றுநோய் என்பர். அத்தகைய பெண்ணின் பழைய படத்தை எடுத்து மறுபடி பார்ப்பதும் மதிப்பீட்டின் ஓர் அங்கமே. இங்கே பெரிய பொறி ஒன்று உண்டு. நோய் எந்த இடத்தில் தோன்றியது என்று அறிந்தபின் பழைய படத்தைப் பார்ப்பவருக்கு, அங்கே ஏதோ இருந்தது போலவே தோன்றும். விடை தெரிந்த விடுகதை யாருக்குத்தான் கடினம்? ஆகையால் விடை அறியாதார் முன், நோயற்ற படங்களோடு கலந்து வைத்துப் பார்க்கச் செய்வதே நியாயமான முறை. அவ்வாறு பார்த்தாலும் பல பழைய படங்களில் நோயின் சுவடே இருப்பதில்லை. அது பின்னரே வளர்ந்தது. சில படங்களில் நுண்ணிய அடையாளம் இருக்கும். கற்றுக்கொள்ள வேண்டியவை அவை. வெகு சிலவே எவரும் கண்டிருக்க வேண்டியவை. இம்மூன்றையும் ஒரே சொல்லால் தவறு என அழைப்பது பார்வையாளருக்கும் அநீதி. பெண்ணுக்கும் உண்மையைச் சொன்னதாகாது.

மனிதருக்காக வகுத்த இந்தச் சோதனைக்கு இப்பொழுது வேறொரு பரீட்சார்த்தியும் வந்து அமர்ந்துள்ளது. செயற்கை நுண்ணறிவு எனப்படும் கணினி முறையையே சொல்கிறேன். 2023இல் வெளிவந்த ஆய்வொன்றில், பெர்போம்ஸின் இரண்டு தொகுதிகளில் அடங்கிய 120 பெண்களின் படங்களை அத்தகைய கணினி முறை ஒன்றுக்குக் கொடுத்து, அதே படங்களைப் பார்த்த 552 மனிதரின் விடைகளோடு ஒப்பிட்டனர். நோயைக் கண்ட வீதம் மனிதருக்குச் சராசரி 90, கணினிக்கு 91. நோயற்றதை நோயற்றது என்ற வீதம் மனிதருக்கு 76, கணினிக்கு 77. ஒருவரையொருவர் வென்றார் என்று சொல்ல முடியாத அளவுக்கு இருவரும் ஒத்து நின்றனர். சுவீடனில் 80,000க்கு மேற்பட்ட பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வில், கணினி ஐயத்தின் அளவைக் கணித்து, ஐயம் குறைந்த படங்களை ஒருவரும், ஐயம் மிகுந்தவற்றை இருவரும் பார்க்குமாறு பகிர்ந்தளித்தது. பார்வையாளரின் வேலை 44 வீதம் குறைந்தது; கண்டுபிடிக்கப்பட்ட நோய்கள் குறையவில்லை.

எனவே வருங்காலத்தில் மனிதனும் கணினியும் தனித்தனியே வேலை செய்யப் போவதில்லை. அருகருகே இருந்தே செய்யப் போகின்றனர். அளக்க வேண்டியது இனித் தனி மனிதனின் கண்ணன்று. கணினியின் சொல்லைக் கேட்ட பின் அக்கண் எப்படிப் பார்க்கிறது என்பதையே. ஜேர்மனியில் 27 ஊடுகதிர் வைத்தியரிடம் 50 மமோகிராம்களைக் கொடுத்து, கணினி கூறியதாக ஒரு விடையையும் அருகே காட்டினர். அவ்விடைகளிற் சில வேண்டுமென்றே பிழையாக அமைக்கப்பட்டவை. 2023இல் வெளியான முடிவு இது: கணினியின் விடை சரியாக இருந்தபோது அனுபவமில்லாதவரும் 80 வீதமளவில் சரியாகக் கூறினர், அது பிழையாக இருந்தபோது அவர்கள் சரியாகக் கூறியது 20 வீதமே. நெடுநாள் அனுபவம் உடையவர்கள் 82 வீதத்திலிருந்து 46 வீதமளவுக்கு இறங்கினர். அனுபவம் ஓரளவு காத்தது, முற்றாகக் காக்கவில்லை. அடுத்து வகுக்கப்படும் சோதனைத் தொகுதிகளில் படங்களை மட்டும் தேர்ந்து வைத்தல் போதாது. கணினியின் சரியான விடைகளோடு பிழையான விடைகளையும், எது எதுவென்று தெரியாதபடி கலந்து வைக்க வேண்டியிருக்கும்.